கம்பம்மெட்டில் நின்ற நாற்பது ரூபாய்

முதல் நாள்: கம்பம், குமுளி

ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் மச்சான் ஒருத்தர், கேரளத்துப் புற்றடிக்கு வந்து காய் ஏலம் போவதைப் பாருங்கள் என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் 22 வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மதுரையில் சும்மா இருக்கிறேன். ஒரு நோட்டைக்கூடத் தொடாமல் லட்சக்கணக்கில் கைமாறுகிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். பையில் இரண்டு செட் துணி, பர்ஸில் ஒரே ஒரு ஐநூறு ரூபாய்த் தாள். மீதி எல்லாம் போனில்.

கம்பத்தில் பஸ் மாறி, லோயர் கேம்ப்பில் மலைச்சரிவோடு இறங்கும் பெரியாறு மின்நிலையத்துக் குழாய்களை எட்டிப் பார்த்து, கொண்டை ஊசிகளில் தலை சுற்றி, மதியம் குமுளி. தமிழ்நாட்டு பஸ் எல்லையோடு நின்றுவிடும். இறங்கி, செக்போஸ்ட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கேரளம். வைத்த நாலாவது எட்டில் லாட்டரிக் கடை. போர்டு தமிழில். யாருக்காக என்று கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரியை நிறுத்திவிட்டார்கள். கேரளத்தில் 1967ல் அரசே தொடங்கிய லாட்டரி இன்றைக்கும் ஓடுகிறது. 2023 ஓணம் பம்பர் 25 கோடி, வாளையாற்றில் விற்ற சீட்டுக்கு விழுந்தது. வாங்கியிருந்தவர்கள் திருப்பூர்க்காரர்கள். அந்தக் கதையைக் கடைக்காரர் நேற்று நடந்ததுபோலச் சொன்னார்.

கடையில் ஒரு வேடிக்கை. வருகிறவர்களில் பாதிப்பேர் போனை நீட்டித்தான் பணம் கட்டுகிறார்கள். சீட்டு மட்டும் காகிதம்தான். கேரள லாட்டரியை ஆன்லைனில் விற்க அனுமதி இல்லை. பரிசு விழுந்தால் அந்தக் காகிதத்தை நேரில் கொடுத்தாக வேண்டும். போனிலேயே சீட்டு அனுப்புகிறோம் என்று வாட்ஸப்பில் வருவதெல்லாம் ஏமாற்று என்று கடை வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார். எழுதி ஒட்டியும் ஏமாறுகிறார்களாம், அதுவும் நம் பக்கத்து ஆட்கள்தான் அதிகமாம்.

சாப்பிடப் போன ஓட்டலில் கல்லாப் பக்கம் இருந்த, காசு வந்ததைச் சொல்லும் பெட்டி மம்முட்டி குரலில் பேசியது. போன்பே பெட்டிக்கு அவர் குரல் வந்தது தெரியும், காதால் கேட்டது இதுதான் முதல் தடவை. என் சாப்பாட்டுக் காசை அவ்வளவு கம்பீரமாக இதுவரை யாரும் வாங்கிக்கொண்டதில்லை. முதலாளி மலையாளி. எல்லையில் பிறந்து வளர்ந்ததால் தேனி மாவட்டத் தமிழ் தண்ணீராக வருகிறது. பெட்டி நல்லாயிருக்கே சேட்டா என்றேன். பெட்டி நல்லா இருக்கும், கணக்குதான் ஒருதடவை செத்துப்போச்சு என்றார்.

நடந்தது இதுதான். யாரோ ஒரு ஆள் சாப்பிட்டுவிட்டு 310 ரூபாய் ஸ்கேன் பண்ணிப் போயிருக்கிறார். மூன்று வாரம் கழித்து வங்கிக் கணக்கு முழுவதும் முடக்கம். பால்காரருக்குக் கொடுக்க முடியவில்லை, கேஸ் சிலிண்டர் எடுக்க முடியவில்லை. கிளையில் போய்க் கேட்டால், வடக்கே ஒரு மாநிலத்துப் போலீஸ் எழுதிக் கேட்டிருக்கிறது என்கிறார்கள். அங்கே எவரையோ ஏமாற்றி எடுத்த பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி, அதில் 310 ரூபாய் இந்தக் கல்லாவுக்கு வந்திருக்கிறது. 310 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொண்டு மீதியை விடுங்கள் என்று இவர் கெஞ்ச, எங்கள் கையில் இல்லை என்று அவர்கள் சொல்ல, கணக்கு திறக்க நாற்பது நாள். 2023ல் கேரளத்தில் நிறையச் சிறு கடைக்காரர்களுக்கு இப்படி நடந்து பத்திரிகையிலெல்லாம் வந்தது. இவர் கதையும் அந்த ரகம்.

நோட்டில் இந்த வம்பு இல்லை. கள்ள நோட்டாக இல்லாதவரை, கைக்கு வந்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். யுபிஐயில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வால் உண்டு. திருடனைப் பிடிக்க அந்த வால் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் கடைசியில் பிடிப்பது இட்லிக் கடைக்காரரை. அவர் இப்போது இரண்டு கணக்கு வைத்திருக்கிறார். ஒன்று பெட்டிக்கு. இன்னொன்று, அவர் வார்த்தையில், "சோத்துக்கு".

இரண்டாம் நாள்: புற்றடி

காலையிலேயே மச்சான் ஜீப்போடு வந்துவிட்டார். அணைக்கரை வழியாகப் போனோம். வழி நெடுக ஏலத்தோட்டம். மேலே பெரிய மரங்களின் நிழல், கீழே ஆளுயரச் செடி, செடியின் காலடியில் மண்ணோடு ஒட்டிப் படர்ந்த சரத்தில் காய். காய் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். ஏலக்காய் இவ்வளவு தரையில் காய்க்கும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பாயசத்தில் மட்டும் பார்த்தவன்தானே.

புற்றடியில் ஸ்பைசஸ் போர்டின், அதாவது மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியத்தின், ஏல மையம். இங்கேயும் கீழே போடிநாயக்கனூரிலும் 2007 முதல் மின் ஏலம் நடக்கிறது. அதற்கு முன்னால் கூவி விடும் ஏலம். அந்தக் காலத்தில் பக்கத்தில் இருக்கிறவன் முகத்தைப் பார்த்தே அவன் எதுவரை போவான் என்று கண்டுபிடித்துவிடுவேன் என்றார் மச்சான். இப்போது எல்லோர் முன்னாலும் ஒரு திரை, முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஹாலுக்குள் நுழைந்ததும் மூக்கைத் தாக்கிய வாசனையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வியாபாரி. ஒவ்வொரு குவியலின் மாதிரியும் அவர்கள் கைக்கு வருகிறது. உள்ளங்கையில் கொட்டி உருட்டுகிறார்கள். நிறம் எவ்வளவு பச்சை, எத்தனை மில்லிமீட்டர், வெடித்த காய் எத்தனை. ஒன்றை நகத்தால் கீறி உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, வாயில் போட்டு ஒரு கடி. அதற்குள் திரையில் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. இடது கையில் காய், வலது கை விசையில். சில நொடியில் முடிந்தது, அடுத்த குவியல். பார்த்த மாதிரியை அப்படியே கீழே போட்டுவிடுகிறார்கள். தரையெல்லாம் ஏலக்காய். கிலோ ஆயிரங்களில் விற்கிற பொருளை நொறுக் நொறுக்கென்று செருப்புக் காலால் மிதித்து நடப்பது எனக்கு என்னவோ போலிருந்தது. கடைசியில் கூட்டி அள்ளுவார்கள், வீணாகாது என்று மச்சான் சமாதானம் சொன்னார்.

பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று புரிந்தது. விலை சொல்வது மட்டும்தான் திரைக்குப் போயிருக்கிறது. நகம், பல், மூக்கு மூன்றும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

இந்த ஹாலில்தான் 2019 ஆகஸ்டில் ஒரு குவியல் கிலோ 7000 ரூபாய்க்குப் போனது. 2018 வெள்ளம், அதற்குப் பின் மழை தவறியது, காய் இல்லை, அதனால் அந்த விலை. அதை நம்பிக் கடன் வாங்கிப் புதுத்தோட்டம் போட்டவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் விலை ஆயிரத்துக்கும் கீழே போனபோது மாட்டிக்கொண்டார்கள். விலை எவ்வளவு என்று தெரியாத குறை யாருக்கும் இல்லை. அன்றன்றைக்குச் சராசரி எவ்வளவு, உச்சம் எவ்வளவு என்பது மாலைக்குள் ஒவ்வொரு சின்ன விவசாயியின் போனுக்கும் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஊர் வியாபாரி சொன்னதுதான் விலை. இது பெரிய மாற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விழுகிற விலையை உடனுக்குடன் போனில் பார்த்து என்ன செய்வது என்று மச்சான் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மத்தியானம் அவர் வீட்டில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீனும். பேச்சு 2016 நவம்பர் 8க்குப் போனது. என் வயதுக்காரர்கள் சேர்ந்தால் அங்கே போகாமல் இருக்காது. புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்புக்கு 86 சதவீதம் ஒரே ராத்திரியில் செல்லாமல் போனது. நான் கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தேன், அவர் வெளியே வரிசையில் நின்று பார்த்தார். காய் எடுக்கும் பருவம். சனிக்கிழமை கூலி கொடுக்க நோட்டு இல்லை. மளிகைக் கடையில் சொல்லி, கூலிக்குப் பதில் அரிசியும் பருப்பும் வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். "மூணு வாரம் என் வாய்ச்சொல்தான் நோட்டு" என்றார்.

யுபிஐ அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் தேதியே வந்துவிட்டது. ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது மும்பையில் தொடங்கிவைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நவம்பரில் நாடு முழுவதும் நடந்த யுபிஐ பரிவர்த்தனை மூன்று லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2000 கோடியைத் தாண்டிவிட்டது. எல்லாம் நோட்டு ஒழிப்பால்தான் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோட்டு திரும்ப வந்ததும் எங்கள் கவுண்டரில் பழைய கூட்டம் அப்படியே திரும்பி வந்தது. மலிவான டேட்டா, கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் வந்த விதி, அப்புறம் கொரோனா, இந்த மூன்றும்தான் ஆட்களைக் கவுண்டரிலிருந்து கொண்டுபோயின. கட்டணம் இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. 2000 ரூபாய் வரையிலான சின்னக் கடைப் பரிவர்த்தனைகளுக்காக 2024-25க்கு மத்திய அரசு 1500 கோடி ஒதுக்கியது. நாம் டீக்கடையில் நீட்டும் பத்து ரூபாய்க்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.

மூன்றாம் நாள்: கம்பம்மெட்டு

இன்றைக்குத்தான் எழுத நிறைய இருக்கிறது.

விடிகாலை ஐந்தரைக்கே கம்பம்மெட்டில் போய் நின்றேன். கம்பம் பக்கமிருந்து கூலி ஜீப்புகள் மேலே ஏறும் நேரம். பனி. எதிரே ஒரு டீக்கடை, எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா. சொந்த ஊர் கூடலூர், கல்யாணமாகி இங்கே வந்து ஐம்பது வருடமாம். ஒரு டீ, இரண்டு பருப்பு வடை. வடை சூடு ஆறுவதற்குள் இன்னொரு டீ. நாற்பது ரூபாய்.

ஸ்கேன் பண்ணினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. என் கணக்கில் நாற்பது ரூபாய் எடுத்துவிட்டதாக மெசேஜ் வந்தது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. எல்லையில் நின்றால் போனுக்கு இரண்டு மாநிலத்து டவரும் போட்டி. அதனாலா, வங்கியின் சர்வர் படுத்துக்கொண்டதாலா, தெரியவில்லை. போனில் 'நிலுவையில்' என்று மஞ்சள் எழுத்து.

"பேசலையே தம்பி" என்றார் அந்த அம்மா, பெட்டியைத் தட்டிப் பார்த்தபடி.

மெசேஜைக் காட்டினேன். அதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாது, பெட்டி சொன்னாத்தான் கணக்கு என்றார். சரி என்று ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்தேன். "முதல் போணிக்கு ஐநூறுக்குச் சில்லறை எங்க போறது? விடுங்க, அப்புறம் கொடுங்க" என்றவர் உடனே முகம் மாறினார். "போணியே கடனாப் போச்சே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பையின் அடியைத் துழாவியதில் ஒரு ஒற்றை ரூபாய் அகப்பட்டது. கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றி, அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, கல்லாவில் போட்டார். முகம் தெளிந்தது. அப்புறம் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். ஜீப்காரர்கள், கங்காணிகள், தோட்டத்து ஆட்கள், எல்லோருடைய பற்றும் அதில்தான். பேர் எழுதத் தெரியாத ஆட்களுக்கு அடையாளம் மட்டும்: 'சிவப்பு ஜீப்', 'பல் இல்லாதவர்'. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து 'பேங்க் கண்ணாடி 39' என்று எழுதினார். நான் வங்கியில் வேலை பார்த்தவன் என்று அதற்குள் சொல்லித் தொலைத்திருந்தேன்.

இப்படி நடுவழியில் நிற்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. கடைக்காரருக்குப் போய்ச் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த அம்மாவிடம் விளக்கினேன். "அஞ்சு நாளா? அதுக்கு முன்னாடி எங்க சிவப்பு ஜீப்புக்காரனே கொடுத்துருவான்" என்றார். வந்ததும் கூப்பிட்டுச் சொல்லுங்க என்று கடை நம்பரைக் கொடுத்தார்.

சற்று நேரம் கழித்துப் பெட்டிக்கு உயிர் வந்தது. அடுத்து வந்த டிரைவரின் காசை 'இருபது ரூபா லபிச்சு' என்று அறிவித்தது. என் காசைப் பற்றி மூச்சு விடவில்லை. நீங்கள் தமிழ், பெட்டி ஏன் மலையாளம் என்று கேட்டேன். வைத்துவிட்டுப் போன பையன் கேட்கவே இல்லையாம். "அது எந்தப் பாஷையில பேசினா என்ன, ரூபாய் புரிஞ்சாச் சரி." எதிர்ச் சாரியில் ஒரு மலையாளிக் கடையில் 'பெறப்பட்டது' என்று சுத்தத் தமிழில் ஒரு பெட்டி பேசிக்கொண்டிருந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டையும் யாராவது மாற்றி வைத்தால் புண்ணியம்.

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் தூக்குச்சட்டியோடு டீ குடிக்க வந்தார்கள். சம்பளம் எப்படி வருகிறது என்று கேட்டேன். சின்னத் தோட்டங்களில் இன்னமும் கையில்தான். கொஞ்சம் பெரிய இடத்தில் அக்கவுண்ட்டில் போடுகிறார்கள். இந்த ஜீப்பில் ஆறு பேருக்கு ஒரே ஒரு அக்காவின் போனில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் மிஷினில் எடுத்துப் பிரித்துக் கொடுக்கிறார். ஏன் எல்லோருக்கும் தனித்தனியாக வாங்கவில்லை? கணக்கு எல்லோருக்கும் இருக்கிறது. ஜன்தனில் போட்டதுதான். "கணக்கு எங்க பேருல இருக்கு, போன் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. அவருக்கு டிங்னு கேட்டா முடிஞ்சது. நேரா கடைக்குத்தான் போவாரு." எந்தக் கடை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ரகசிய எண்ணை யார் போடுவார்கள் என்று அந்த அக்காவிடமே கேட்டேன். மகன் போடுவானாம், இல்லையென்றால் ஜீப் டிரைவர். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று 22 வருடம் தலைக்கு மேலே போர்டு மாட்டி உட்கார்ந்திருந்த ஆள் நான். எனக்கு வேர்த்தது. அவர் சிரித்தார். "ஜீப்பு மலையில புரண்டாலும் அந்தத் தம்பி கையிலதான் எங்க உயிரு. நாலு நம்பரு என்ன பெருசு?"

பத்து மணிக்கு அக்ஷயா மையம். நம் ஊர் இ-சேவை மாதிரி, ஆனால் நமக்கு முன்பே, 2002ல் மலப்புறத்தில் தொடங்கியது. ஆதாரும் விரல் ரேகையும் வைத்துப் பணம் எடுக்க ஒரு பாட்டி நின்றிருந்தார். இந்த முறையில் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். போன் வேண்டாம், அட்டை வேண்டாம், எழுத்து வேண்டாம். பாட்டிக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் ரேகை விழவில்லை. நாற்பது வருடம் ஏலச் சரம் பிரித்த கை. விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழ என்றிருக்கிறது, ஓரத்தில் காயின் கறை. பெருவிரல், ஆள்காட்டி விரல், இரண்டும் தோற்றன. மையத்துப் பெண் பழகியவர்போல, "தலையில தேய்ச்சு வைங்க ஆச்சி" என்றார். முடியின் எண்ணெயில் விரலைத் தேய்த்து வைத்தார் பாட்டி. இல்லை. கடைசியில் இடது கை மோதிர விரல். அதிகம் வேலை செய்யாத விரல். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாயிரம் ரூபாயை எண்ணி வாங்கி, சுருக்குப் பையில் திணித்து, அந்த விரலுக்கு ஒரு முத்தம் கொடுத்துக்கொண்டார்.

ராத்திரி வரை நாற்பது ரூபாய் மஞ்சளாகவே இருந்தது.

நான்காம் நாள்: நெடுங்கண்டம், பூப்பாறை, போடிமெட்டு

மழை. நெடுங்கண்டத்தில் எதுவும் பார்க்கவில்லை. நாட்டிலேயே முதலில் ஊராட்சிகள் வரைக்கும் கண்ணாடியிழை இணைய இணைப்பு முடிந்த மாவட்டம் என்று இடுக்கியை 2015 ஜனவரியில் அறிவித்தார்கள். அதை நினைத்துக்கொண்டே பூப்பாறை வரை போனைப் பார்த்தபடி வந்தேன். ஒரு வளைவில் நாலு கோடு, அடுத்த வளைவில் ஒன்றுமில்லை. கம்பி ஊராட்சி ஆபீஸ் வரைதான் வருகிறது, பஸ்ஸுக்குள் வராது. பஸ் கட்டணத்துக்கு ஐநூறு ரூபாயை மாற்றிவிட்டேன். கண்டக்டர் முறைத்தபடி பத்து, இருபதாக எண்ணிக் கொடுத்தார். எத்தனை நாளாயிற்று இப்படி விரலில் நோட்டை எண்ணி. பழைய பழக்கத்தில் இரண்டு தடவை எண்ணினேன்.

போடிமெட்டில் மேகம் காலடியில். கீழே போடி தெரிய வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. இறங்கி ஊருக்குள் வந்ததும் ஏலக்காய் வாசனையும், 'பெறப்பட்டது'களும்.

ஏழாம் நாள்: மதுரை

வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெசேஜ். நாற்பது ரூபாய் திரும்பி வந்துவிட்டது. கெடுவுக்குள்தான். நூறு ரூபாய் இழப்பீட்டுக்கு ஆசைப்பட்டிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடைக்குப் போன் போட்டேன். "யாரு?" பேரைச் சொன்னேன், தெரியவில்லை. பேங்க் கண்ணாடி என்றேன். "அட, சொல்லுங்க தம்பி!" லைனிலேயே இருங்கள், இப்போது அனுப்புகிறேன் என்று நாற்பதை அனுப்பினேன். இந்தத் தடவை வட்டம் சுற்றவில்லை. போன் வழியாகவே, டம்ளர் கழுவும் சத்தத்துக்கு நடுவே, பெட்டி 'நால்பது ரூபா லபிச்சு' என்றது கேட்டது.

பக்கம் புரட்டும் சத்தம். பேனாவைத் தேடும் சத்தம்.

"அடிச்சிட்டேன் தம்பி. ஆனா முப்பத்தொம்பதுதானே வரணும்? ஒரு ரூபா கூட இருக்கு. உங்க பேருல எழுதி வைக்கிறேன், வரும்போது கழிச்சுக்கலாம்."